சிந்தசைசர் கத்துக்க எந்த புக்க மொதல்ல வாங்கறது? தோட்டத்து டவுன் பசங்களுக்கு ஒரு வழிகாட்டி

மலேசியாவுல சுங்கை சிப்புட்ல இருந்துக்கிட்டு அனலாக் சிந்தசைசர், அதாவது மின்சார அலையில இருந்தே சத்தத்த உருவாக்கற வாத்தியம், கத்துக்கணும்னு ஆசப்படறவங்களுக்கு மொத பிரச்சினையே தொட்டுப் பாக்க ஒரு சிந்த் இல்லாததுதான். கீபோர்ட் இருக்கு, கோயில் பஜனைக்கு ஒண்ணு இருக்கும், கல்யாண பேண்ட்காரங்க கிட்ட ரெண்டு மூணு இருக்கும், ஆனா அதெல்லாம் ஒரு பட்டன அழுத்துனா புல்லாங்குழல் இன்னொரு பட்டன அழுத்துனா வயலின்னு ரெடியா போட்டு வச்ச சத்தம், சத்தத்த நாமளே அடிமட்டத்துல இருந்து கட்டணும்னா அதுல வேலைக்காகாது. சரி மெஷின்தான் இல்ல, புக்காவது வாங்கிப் படிப்போம்னு ஆன்லைன்ல தேடுவாங்க, அட்டை அழகா இருக்கிற பெரிய தடி புக்கா பாத்து ஆர்டர் போடுவாங்க, வந்து சேந்ததும் மொத அத்தியாயத்தோட அது டிவி பக்கத்துல உக்காந்துடும்.

புக் மோசம்னு இல்ல. வரிசை தப்பு. இந்த விஷயத்துல எந்த புக்கா இருந்தாலும் சரி, பக்கத்துல திருப்பறதுக்கு ஒரு நாப் இல்லாம படிச்சா கரையில உக்காந்து நீச்சல் படிக்கிற கதைதான். அதனால நான் சொல்ற வரிசை இப்படி: மொதல்ல சத்தம், அப்புறம் ஓசியில கிடைக்கிற எழுத்து, அதுக்கப்புறம்தான் காசு குடுத்து ஒரே ஒரு புக். ரெண்டாவது புக் எதுன்னு உங்க காதே சொல்லிடும்.

படி 1: காசு செலவு பண்ணாம சத்தத்த கையில புடிங்க

போன்லயே ஆரம்பிக்கலாம். ஏபிள்டன் கம்பெனி 'லேர்னிங் சிந்த்ஸ்'னு ஒண்ணு இணையத்துல இலவசமா வச்சிருக்காங்க, பிரௌசர்லயே ஓடும், எதையும் டவுன்லோட் பண்ண வேணாம். ஒவ்வொரு பக்கத்துலயும் ஒரே ஒரு விஷயம், ஒரு கட்டத்த விரலால இழுத்தா சத்தம் மாறும், அவ்வளவுதான். பத்து வயசு புள்ளைக்கும் புரியும், ஆனா சின்னப் புள்ள சமாச்சாரம்னு தாண்டிப் போயிடாதீங்க, பின்னாடி பெரிய புக்ல வர்ற பாதி விஷயம் இதுலயே ஒளிஞ்சிருக்கு.

வீட்டுல லேப்டாப் இருந்தா, பழசா இருந்தாலும் பரவால்ல, சர்ஜ் எக்ஸ்டி இல்லாட்டி வைட்டல்னு ரெண்டு சாஃப்ட்வேர் சிந்த்ல ஒண்ண போடுங்க. சர்ஜ் முழுசும் இலவசம், வைட்டலுக்கு இலவச வெர்ஷன் இருக்கு. மாடுலர்னு சொல்றாங்களே, ஒயர குத்தி குத்தி சத்தம் செய்யறது, அதப் பாக்கணும்னா விசிவி ரேக் இருக்கு, அதுவும் இலவசம்தான், ஆனா மொத மாசம் அது பக்கம் போகாதீங்க, நூத்துக்கணக்குல மாட்யூல், அதாவது ஒயர் குத்தற தனித்தனி பெட்டி, கொட்டிக் கிடக்கும், எதத் தொடறதுன்னே தெரியாம தலை சுத்திடும்.

நிஜ அனலாக் மெஷின்தான் வேணும்னு அடம் புடிக்கிறவங்க கோர்க் கம்பெனியோட வோல்கா வரிசையில செகண்ட் ஹேண்டா ஒண்ணு பாக்கலாம். 2013ல வந்த வோல்கா கீஸ் ஒரு புக் சைஸ்தான் இருக்கும், ஆறு பேட்டரில ஓடும், ஸ்பீக்கரும் உள்ளயே இருக்கு. கரண்டுல போடப் போறீங்கன்னா ஒண்ணு கவனிக்கணும்: அது 9 வோல்ட், அடாப்டர் குச்சிக்கு நடுவுல பிளஸ். கித்தார் பெடலுக்கு போடற அடாப்டர் பாதிக்கு மேல நடுவுல மைனஸ். அடாப்டர் மேல ஒரு சின்ன வட்டமும் அதுக்கு ரெண்டு பக்கமும் கூட்டல் கழித்தல் குறியும் போட்டிருப்பான், அதப் பாத்து சேத்துட்டுதான் சொருகணும். பாதி வெலைக்கு கிடைக்குதுன்னு வாங்கற பழைய மெஷின்ல அடாப்டர் மாத்தி வந்திருக்கவும் வாய்ப்பு இருக்கு, விக்கிறவர் கிட்ட கேட்டுடுங்க.

ஹெட்போன் கட்டாயம். தாமான் வீட்டுல சுவருக்கு அந்தப் பக்கம் ஆயா தூங்குவாங்க, ராத்திரி பதினோரு மணிக்கு ரெசொனன்ஸ்னு சத்தத்த கீச்சுன்னு கூர்மையாக்கற நாப்ப கூட்டிப் பாத்தா மறுநாள் காலையில அம்மாவுக்கு பேச்சு விழும்.

படி 2: நாலு சாமானோட பேர மனசுல ஏத்திக்கோங்க

எந்த புக்க தொறந்தாலும் மொத அத்தியாயம் இதுதான், அதனால இங்கயே சொல்லிடறேன். சத்தத்த பெறப்பிக்கிறது ஆஸிலேட்டர். அதுல வேண்டாதத வெட்டறது ஃபில்டர். எவ்வளவு சத்தம் வெளிய வரணும்னு பாக்கறது ஆம்ப்ளிஃபயர். சத்தம் எப்ப எழும்பி எப்ப அடங்கணும்னு சொல்றது என்வலப். கூடவே எல்எஃப்ஓன்னு ஒண்ணு, காதுக்கு கேக்காத அளவுக்கு மெதுவா ஆடிக்கிட்டு மத்த நாப்ப நமக்கு பதிலா திருப்பிக்கிட்டு இருக்கும்.

ஆஸிலேட்டர்ல அலை வடிவம்னு வரும், இங்க கொஞ்சம் நின்னு போங்க, ஏன்னா மீதி எல்லாம் இதுக்கு மேலதான் நிக்குது. வாள் பல்லு மாதிரி இருக்கிற சா அலையில அடிப்படை சுருதியோட ரெண்டு மடங்கு, மூணு மடங்கு, நாலு மடங்குன்னு எல்லா மேல்சுரமும் இருக்கும். சதுர அலையில ஒத்தப்படை மட்டும்தான், மூணு, அஞ்சு, ஏழு. முக்கோண அலையிலயும் ஒத்தப்படைதான் ஆனா மேல போகப் போக சடார்னு தேஞ்சு போயிடும், அதனால மென்மையா கேக்கும். சைன்ல மேல்சுரமே கிடையாது, மொட்டையா ஒரே சுருதி.

இது ஏன் நமக்கு முக்கியம்னா, நாதஸ்வரம் கூம்பு மாதிரி விரிஞ்சுக்கிட்டே போற குழல், சீவாளியால ஊதறது, அதுல எல்லா மேல்சுரமும் வரும். கிளாரினெட் நேர் குழல், அதுல கீழ் ஸ்தாயியில ஒத்தப்படை மேல்சுரம்தான் தூக்கலா நிக்கும். அப்ப நாதஸ்வரம் செய்யணும்னா சா அலையில ஆரம்பிக்கணும், கிளாரினெட்டுக்கு சதுரம். புக்க மூடி வச்சுட்டு இந்த ரெண்டையும் மாத்தி மாத்தி கேளுங்க, பத்து நிமிஷத்துல காது புடிச்சுக்கும்.

படி 3: ஓசியில கிடைக்கிற பொக்கிஷம்

'சவுண்ட் ஆன் சவுண்ட்'னு ஒரு பிரிட்டிஷ் பத்திரிகை. அதுல கோர்டன் ரீட்னு ஒருத்தர் 'சிந்த் சீக்ரெட்ஸ்'னு தொடர் எழுதுனார், 1999 மே மாசம் ஆரம்பிச்சு 2004 ஜூலை வரைக்கும், மொத்தம் 63 பாகம். பத்திரிகையோட இணையதளத்துலயே இலவசமா படிக்கலாம். என்னக் கேட்டா காசு குடுத்து வாங்கற நெறைய புக்க விட இது மேல. கணக்கு கம்மி, படம் ஜாஸ்தி, மனுசன் ஒவ்வொரு வாத்தியத்தையும் எடுத்து வச்சு இது ஏன் இப்படி சத்தம் போடுதுன்னு மொதல்ல சொல்லிட்டு அப்புறம் அத சிந்த்ல எப்படி கட்டறதுன்னு காட்டுவார்.

ஆனா 63 பாகத்தையும் வரிசையா படிக்கணும்னு உக்காந்தா கவுந்துடுவீங்க. மொத ஏழெட்டு பாகம் வரிசையா படிங்க, மேல்சுரம், ஃபில்டர், என்வலப் எல்லாம் அங்கயே முடிஞ்சிடும். அப்புறம் தாவுங்க. மேளம் அடிக்கிற பசங்க பெரிய டிரம், ஸ்னேர், மணி பத்தின பாகத்துக்கு போங்க, பாட்டுக்கு கீபோர்ட் வாசிக்கிறவங்க தந்தி வாத்தியம், பித்தளை வாத்தியம், ஆர்கன் பாகத்துக்கு போங்க. கவ்பெல் (மாட்டு மணி) சத்தம் பத்தி ஒரு பாகம் இருக்கு, 1980ல வந்த ரோலண்ட் டிஆர் 808 டிரம் மெஷின்ல வர்ற அந்த 'டங்க்' சத்தம் ரெண்டே ரெண்டு சதுர அலைதான், ஒண்ணு 540 ஹெர்ட்ஸ் பக்கம், இன்னொண்ணு 800 பக்கம், அத ஃபில்டர்ல விட்டு சட்டுனு வெட்டுனா ஆச்சு. இத அப்படியே லேப்டாப்ல போட்டுப் பாருங்க, மொத தடவ அது காதுல விழுந்ததும் நீங்களே சிரிச்சுடுவீங்க.

மேளம் பத்தி அவர் சொல்றதுல நம்ம ஆளுங்க ஒண்ணு சேத்துக்கணும். சாதாரண தோல அடிச்சா மேல்சுரம் ஒழுங்கா ரெண்டு மடங்கு மூணு மடங்குன்னு வராது, கோணல் மாணலா வரும், அதனாலதான் மேல்நாட்டு டிரம்ல பல வகைக்கு சுருதி தெளிவா நிக்கறதில்ல. மிருதங்கத்துல நடுவுல கறுப்பா ஒட்டி வச்சிருக்காங்களே, அந்த கனம் இருக்கறதால மேல்சுரம் வரிசையா வந்து உக்காருது. இத சி.வி. ராமன் 1920லயே ஆராய்ச்சி பண்ணி எழுதிட்டார். அப்ப சிந்த்ல மிருதங்கம் செய்யணும்னா டிரம் பாகத்த மட்டும் பாத்தா பத்தாது, மணிக்கும் தந்திக்கும் சொல்ற வழியையும் கொஞ்சம் கலக்கணும்.

இன்னொரு ஓசி விஷயம், பழைய மெஷினோட மேனுவல். மேனுவல்னா எவன் படிப்பான்னு நினைப்பீங்க. 1971ல வந்த ஆர்ப் 2600க்கு எழுதுன மேனுவல் பாடப்புத்தகம் மாதிரியே இருக்கும், சத்தம்னா என்னன்னு அடியில இருந்து ஆரம்பிச்சு கூட்டிட்டுப் போவாங்க. 1978ல வந்த கோர்க் எம்எஸ்-20க்கும் அப்படித்தான், எந்த நாப் எங்க நிக்கணும், எந்த ஒயர் எங்க போகணும்னு படம் போட்டு வச்சிருப்பாங்க. மெஷின் நம்ம கிட்ட இல்லாட்டியும் அதே மாதிரி சாஃப்ட்வேர் கிடைக்குது, படத்தப் பாத்து அப்படியே போட்டுப் பழகலாம்.

இங்கிலீஷ் தகராறு பண்றவங்களுக்கு ஒரு வழி. தமிழ்ப்பள்ளியில படிச்சுட்டு இடைநிலைப் பள்ளியில மலாய்ல அறிவியல் படிச்ச பசங்க நெறைய பேருக்கு இந்த எழுத்து நடை கஷ்டமா இருக்கும், அதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல. படத்துல இருந்து ஆரம்பிங்க. படத்த நோட்டுல வரஞ்சு, அம்புக்குறி போட்டு, எது எதுக்குள்ள போகுதுன்னு வாய் விட்டு சொல்லிப் பாருங்க, அப்புறம் படத்துக்கு மேலயும் கீழயும் இருக்கிற ரெண்டு பத்திய மட்டும் படிங்க. நோட்டு ஒண்ணு தனியா வச்சுக்கோங்க, புடிச்ச சத்தம் வந்தா எல்லா நாப்பும் எங்க நிக்குதுன்னு கடிகார முள்ளு கணக்குல எழுதி வைங்க, ஃபில்டர் ரெண்டு மணி, ரெசொனன்ஸ் ஒன்பது மணின்னு. சின்ன அனலாக் மெஷின் பலதுல சேவ் பட்டன் கிடையாது, நோட்டுதான் உங்க சேவ் பட்டன்.

படி 4: காசு குடுத்து வாங்கற மொத புக்

ஒண்ணே ஒண்ணுதான் வாங்கணும்னா ஃப்ரெட் வெல்ஷ் எழுதுன 'வெல்ஷ்ஸ் சிந்தசைசர் குக்புக்'. பெரிய புக் இல்ல, அட்டையும் சாதா. மொத பாதியில சிந்த்னா என்னன்னு சுருக்கமா சொல்லிட்டு, மீதி முழுக்க சத்தம் செய்யற அட்டவணைதான், வயலின், டிரம்பெட், ஆர்கன், மணின்னு ஒவ்வொண்ணுக்கும் எந்த அலை, ஃபில்டர் எவ்வளவு, என்வலப்புக்கு என்ன நேரம்னு. எந்தக் கம்பெனி மெஷினுக்கும் பொருந்தற மாதிரி பொதுவா எழுதியிருக்கார், அதுதான் இதோட பலம், உங்க கிட்ட சர்ஜ் இருந்தாலும் சரி வோல்கா இருந்தாலும் சரி. வோல்கால இருக்கிற நாப் கம்மி, அதனால சிலது முழுசா வராது, பரவால்ல கிட்ட வரும்.

இந்த புக்க அட்டவணைய அப்படியே காப்பி அடிக்க வாங்காதீங்க. ஒண்ண போட்டு முடிச்சதும் ஒரே ஒரு நாப்ப எடுத்து கடைசி வரைக்கும் திருப்புங்க, என்ன கெட்டுப் போகுதுன்னு கேளுங்க, அப்புறம் திரும்ப பழைய இடத்துல வச்சுட்டு அடுத்த நாப். எது கெட்டா சத்தம் வயலின் மாதிரியே இல்லாம போகுதோ அதுதான் அந்த சத்தத்தோட உயிர்.

அப்புறம் புக்ல இல்லாதத செய்ங்க, அங்கதான் நிஜமா கத்துக்கறது. நம்ம டவுன்ல திருவிழா வந்தா உருமி மேளம் இல்லாம எதுவும் நடக்காது, அதனால உருமியவே எடுத்துக்குவோம். உருமியில ஒரு பக்கத் தோல வளஞ்ச குச்சியால தேய்க்கறதுதான் அந்த உறுமல், 'ம்ம்ஊங்'னு கீழ இருந்து மேல ஏறும். சிந்த்ல முக்கோண அலை எடுங்க, ரெண்டு ஆக்டேவ் (ஸ்தாயி) கீழ எறக்குங்க. ஃபில்டர நல்லா மூடுங்க, கால்வாசிதான் தொறந்திருக்கணும். இப்ப ரெண்டாவது என்வலப்ப சுருதிக்கு திருப்பி விடுங்க, அட்டாக் (மேல ஏற எடுக்கற நேரம்) கால் செகண்ட் பக்கம் வைங்க, அளவு அஞ்சாறு அரைச்சுரம் போதும், அழுத்துனதும் சுருதி வழுக்கிக்கிட்டு மேல ஏறும். கடைசியா நாய்ஸ, அதாவது இரைச்சல, கொஞ்சூண்டு கலங்க, குச்சி தோல்ல உராயற சத்தம் அது. மொத தடவ கார்ட்டூன் மாடு கத்தற மாதிரிதான் வரும். அட்டாக்க கூட்டி கொறச்சு, ஃபில்டருக்கும் அதே என்வலப்ப கொஞ்சம் குடுத்துப் பாருங்க, திடீர்னு உருமி தலைய காட்டும். உருமி குரூப்ல இருக்கிற தம்பிய பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டா இன்னும் நல்லது, அவன் காதுக்கு தெரியறது எந்த புக்லயும் கிடையாது.

நாதஸ்வரத்துக்கு நான் முன்னாடி சொன்ன சா அலை, அட்டாக் இருபது முப்பது மில்லி செகண்ட், சஸ்டெயின் (அழுத்திக்கிட்டு இருக்கும்போது நிக்கிற அளவு) முழுசா, ரிலீஸ் (விட்டதும் அடங்கற நேரம்) சட்டுனு, ரெசொனன்ஸ் கொஞ்சம் தூக்கலா. ஆனா கமகம் இல்லாம வாசிச்சா எவ்வளவு நல்லா செஞ்சாலும் கார் ஹார்ன் மாதிரிதான் இருக்கும். சுருதிய வழுக்க விடற கிளைடு நாப்பயும் பிட்ச் வீலயும் பழகுங்க. சுருதி வழுக்கறது பத்தி இந்த புக்ல இருக்கறது நமக்குப் பத்தாது, மேல்நாட்டு வாத்தியத்த மனசுல வச்சு எழுதுனது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிடறேன். எண்பதுகளோட நடுவுல இருந்து வந்த சினிமாப் பாட்டுல கேக்கற கண்ணாடி மாதிரி மணி சத்தம், பளபளன்னு எலக்ட்ரிக் பியானோ, அதெல்லாம் வேணும்னு ஆசப்பட்டு அனலாக் புக் வாங்குனீங்கன்னா ஏமாந்து போவீங்க. அந்தக் காலத்துல அந்த மாதிரி சத்தத்துக்கு பேர் போனது 1983ல வந்த யமஹா டிஎக்ஸ்7, அது எஃப்எம் முறை, டிஜிட்டல், ஒரு அலைய வச்சு இன்னொரு அலைய அசைக்கிற வேற கணக்கு. வேணாம்னு சொல்லல, அத அடுத்த வருசத்துக்கு வச்சுக்கோங்க.

படி 5: இங்க பாதை பிரியுது

வெல்ஷ் புக்ல பாதி முடிச்சதும் உங்களுக்கே தெரிஞ்சுடும் நீங்க எந்தக் கட்சின்னு. சிலருக்கு வாசிக்கணும், சிலருக்கு மெஷின தொறந்து பாக்கணும், சிலருக்கு இதெல்லாம் எங்க இருந்து வந்துச்சுன்னு கதை கேக்கணும். மூணுக்கும் வேற வேற புக். வாசிக்கிற கட்சிக்கு புதுசா எதுவும் வேணாம், வெல்ஷையும் சிந்த் சீக்ரெட்ஸையும் முழுசா முடிங்க.

தொறந்து பாக்கற கட்சிக்கு நிக்கோலாஸ் காலின்ஸ் எழுதுன 'ஹேண்ட்மேட் எலக்ட்ரானிக் மியூசிக்'. மொத பதிப்பு 2006, மூணாவது 2020ல வந்துச்சு. எலக்ட்ரானிக்ஸ்ல அ ஆ தெரியாதவங்களுக்குன்னே எழுதுனது. பழைய பேட்டரி ரேடியோவ தொறந்து, ஓடிக்கிட்டு இருக்கும்போது ஈர விரலால சர்க்யூட் போர்ட தொட்டா அது கீச்சு மூச்சுனு கத்தும், அதுதான் இவரோட ஆரம்ப பாடங்கள்ல ஒண்ணு. தாத்தா வீட்டு மூலையில கிடக்கிற ரேடியோவுக்கு இத விட நல்ல கதி கிடைக்காது. ஆனா பேட்டரில ஓடற ரேடியோ மட்டும்தான். சுவர்ல குத்தற எதையும் தொறந்து வச்சுக்கிட்டு கை வைக்கவே கூடாது, நம்ம ஊர் கரண்ட் 230-240 வோல்ட், ஒரு தடவ போதும்.

இதே புக்ல வர்ற இன்னொரு விஷயம், ஒரே ஒரு சில்லறை சிப்புல ஆஸிலேட்டர் கட்டறது. 40106னு கேளுங்க, உள்ள ஆறு இன்வெர்ட்டர் (உள்ள வர்ற சிக்னல தலைகீழா மாத்தற சின்ன சர்க்யூட்) இருக்கும், ஒவ்வொண்ணையும் ஒரு ஆஸிலேட்டரா ஆக்கலாம். 14வது கால்ல 9 வோல்ட் பேட்டரியோட பிளஸ், 7வது கால்ல மைனஸ். ஒரு இன்வெர்ட்டரோட வெளிய வர்ற கால்ல இருந்து உள்ள போற காலுக்கு ஒரு ரெசிஸ்டர், உள்ள போற கால்ல இருந்து மைனஸுக்கு ஒரு கெப்பாசிட்டர், அவ்வளவுதான், சதுர அலை வந்துடும். ரெசிஸ்டர் இருக்கிற இடத்துல வால்யூம் நாப் மாதிரி ஒண்ணு போட்டா சுருதி மாறும், வெளிச்சம் பட்டா மாறற எல்டிஆர் போட்டா கைய ஆட்டுனாலே பாடும். மீதி இருக்கிற இன்வெர்ட்டரோட உள்ள போற கால சும்மா விடாம மைனஸ்ல கட்டிடுங்க. நேரா ஹெட்போன்ல குத்தி காதுல மாட்டாதீங்க, சத்தம் ரொம்ப பெரிசா இருக்கும், பழைய ஆம்ப்ளிஃபயர்ல வால்யூம அடியில வச்சுட்டு கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க. பிரெட்போர்ட்னு ஓட்டை ஓட்டையா இருக்கிற பலகையில குத்திப் பழகுனா ஈயம் பத்த வைக்கவே தேவையில்ல. பத்த வைக்க கத்துக்கணும்னா டவுன்ல டிவி ரிப்பேர் கடை அங்கிள் யாராவது இருப்பாரு, கோப்பி வாங்கிக் குடுத்து அரை மணி நேரம் பக்கத்துல நின்னாலே போதும், எந்த புக்கும் அந்தக் கைப்பக்குவத்த சொல்லித் தராது.

அது முடிஞ்சு முழு சிந்த் ஒண்ணு கட்டணும்னா ரே வில்சன் எழுதுன 'மேக்: அனலாக் சிந்தசைசர்ஸ்', 2013. அதுல 'நாய்ஸ் டோஸ்டர்'னு ஒரு சின்ன சிந்த ஆரம்பத்துல இருந்து முடிவு வரைக்கும் கட்டிக் காட்டுவார், அதுவும் 9 வோல்ட் பேட்டரிதான். காலின்ஸ் புக்க முடிக்காம இதுக்குள்ள குதிக்காதீங்க.

கதை கேக்கற கட்சிக்கு டிரெவர் பின்ச், ஃபிராங்க் டிரோக்கோ ரெண்டு பேரும் எழுதுன 'அனலாக் டேஸ்', 2002. 1964ல ராபர்ட் மோக் ஒரு இசையமைப்பாளரோட சேந்து தன்னோட சிந்த்துக்கு மொத மாதிரிய செஞ்சதுல இருந்து 1970ல மினிமோக்னு அவரோட சின்ன சிந்த் கடைக்கு வந்தது வரைக்கும், அப்புறம் அதே நேரத்துல அமெரிக்காவோட அந்தக் கரையில டான் புக்லா கீபோர்டே வேணாம்னு வேற வழியில போனது, எல்லாம் அதுல இருக்கு. படிக்க நாவல் மாதிரி போகும், ஒரு நாப்ப கூட திருப்ப வேணாம். ராத்திரி பஸ்ல படிக்கலாம்.

அந்த புக்ல நம்ம பக்கத்துக் கதை கம்மி, அத நீங்களே தேடிப் புடிக்கணும். 1969ல அகமதாபாத்ல இருக்கிற தேசிய வடிவமைப்புக் கழகத்துல டேவிட் டியூடர்னு ஒரு அமெரிக்க இசைக்கலைஞர் வந்து மோக் சிந்தசைசர வச்சு ஒரு ஸ்டூடியோ அமைச்சு குடுத்தார், அங்க இந்தியக் கலைஞர்கள் பதிவு பண்ண டேப் எல்லாம் ரொம்ப வருசம் அலமாரில தூங்கிட்டு இப்பதான் வெளிய வந்துச்சு. 1982ல சரண்ஜித் சிங்னு பம்பாய் சினிமா ஸ்டூடியோவுல வாசிச்சுக்கிட்டு இருந்தவர் ரோலண்ட் கம்பெனியோட டிபி 303, டிஆர் 808, ஜூப்பிட்டர் 8னு மூணு மெஷினையும் வச்சு பத்து ராகத்த டிஸ்கோ தாளத்துல வாசிச்சு ரெக்கார்ட் போட்டார், அப்ப யாரும் கண்டுக்கல. சிக்காகோ பசங்க அதே 303ய வச்சு ஆசிட் ஹவுஸ்னு ஒரு டான்ஸ் இசையால உலகத்தையே ஆட்டி வச்சது அதுக்கு சில வருசம் கழிச்சுதான். சிந்த்ல ராகம் எடுபடுமான்னு யாராவது கேட்டா இந்த ரெக்கார்ட போட்டுக் காட்டுங்க.

படி 6: இப்ப வாங்கக் கூடாதது

கர்டிஸ் ரோட்ஸ் எழுதுன 'தி கம்ப்யூட்டர் மியூசிக் டியூட்டோரியல்'. 1996 பதிப்பு 1234 பக்கம், நான் கிண்டல் பண்ணல, நிஜமாவே அந்த நம்பர்தான். அருமையான புக், ஆனா ஆரம்பிக்கிறவங்களுக்கு இல்ல, சந்தேகம் வந்தா பொரட்டிப் பாக்கறதுக்கு. மில்லர் பக்கெட்டோட 'தியரி அண்ட் டெக்னிக் ஆஃப் எலக்ட்ரானிக் மியூசிக்' இணையத்துல இலவசமாவே கிடைக்குது, அதனாலயே நெறைய பேர் அதுல ஆரம்பிக்கிறாங்க, மொத அத்தியாயத்துலயே சமன்பாடு வந்து முட்டும். எஸ்டிபிஎம்ல (ஆறாம் படிவப் பரீட்சை) கணிதமும் இயற்பியலும் எடுத்தவங்களா இருந்தா தாராளமா போங்க, பியூர் டேட்டா சாஃப்ட்வேரோட சேத்துப் படிச்சா நல்ல பலன் இருக்கு.

'பேட்ச் அண்ட் ட்வீக்', 2018ல வந்தது, கிம் பியோர்னும் கிறிஸ் மேயரும் எழுதுனது. கண்ணுல ஒத்திக்கற மாதிரி படம், கெட்டி அட்டை, வெலையும் அதுக்கேத்த மாதிரி. மாடுலர்தான் என் வழின்னு முடிவு பண்ணவங்க மட்டும் வாங்குங்க. மத்தவங்க அந்தக் காசுல செகண்ட் ஹேண்ட் வோல்காவுக்கு சீட்டு கட்ட ஆரம்பிக்கலாம். மாடுலர் புக் எதத் தொறந்தாலும் 'ஒரு வோல்ட்டுக்கு ஒரு ஆக்டேவ்'னு வரும், பயப்படாதீங்க: மின்சாரம் ஒரு வோல்ட் ஏறுனா சுருதி ஒரு ஸ்தாயி ஏறும், அத பன்னெண்டா பிரிச்சா ஒரு அரைச்சுரத்துக்கு 83 மில்லிவோல்ட் பக்கம் வரும். அவ்வளவு சின்ன வித்தியாசம்கறதாலதான் சூடு கூடுனா பழைய அனலாக் மெஷின் சுருதி தப்புது, நம்ம ஊர் மத்தியான வெயில்ல ஃபேன் மட்டும் இருக்கிற ரூம்ல வச்சா நல்லாவே தெரியும். போட்ட உடனே டியூன் பண்ணாம கொஞ்ச நேரம் ஓட விட்டுட்டு பண்ணுங்க.

படி 7: எங்க வாங்கறது

வெளிநாட்டுல இருந்து ஷிப்பிங் காசு இல்லாம அனுப்பிக்கிட்டு இருந்த புக் டெப்போசிட்டரி 2023 ஏப்ரல்ல மூடிட்டாங்க, அதுல இருந்து தடி புக்குக்கு தபால் செலவு வலிக்குது. கேஎல் போற வேலை இருந்தா கேஎல்சிசில இருக்கிற கினோகுனியால கேட்டுப் பாருங்க, அலமாரில இல்லாட்டியும் ஆர்டர் எடுப்பாங்களான்னு போன்லயே விசாரிச்சுட்டு போறது நல்லது. இ-புக் பல சமயம் மலிவு, ஆனா வெல்ஷ் புக் மட்டும் அச்சுலயே வாங்குங்க, மெஷின் பக்கத்துல விரிச்சு வச்சு ரெண்டு கையாலயும் நாப் திருப்பணும், போன் திரை அணைஞ்சு அணைஞ்சு உயிர வாங்கும். ஷாப்பில ரொம்ப மலிவா தெரிஞ்சா அது ஃபோட்டோகாப்பி அடிச்சு கட்டுனதா இருக்கும், படத்துல கோடெல்லாம் மங்கி ஒண்ணும் தெரியாது, இந்த மாதிரி புக்ல படம் தெரியலன்னா வாங்கியே பிரயோஜனம் இல்ல.

நாலஞ்சு பேர் சேந்து வாங்கறதுதான் நான் பாத்ததுல நல்லா ஓடுது. உருமி குரூப், பஜனை குரூப், கல்யாண பேண்ட் எதுல இருந்தாலும் சரி, ஒருத்தர் வெல்ஷ், ஒருத்தர் காலின்ஸ், ஒருத்தர் அனலாக் டேஸ்னு வாங்கி மாசத்துக்கு ஒரு தடவ மாத்திக்கோங்க. மழை மாசத்துல ஈரம் ஏறி பூஞ்சை புடிக்கும், அலமாரில சிலிகா ஜெல் பொட்டலம் ரெண்டு போட்டு வைங்க, செருப்பு டப்பால வர்றதே போதும்.

வேலைக்குப் போய் வருமான வரி கட்டறவங்க ரசீத தூக்கிப் போட்டுடாதீங்க. லைஃப்ஸ்டைல் ரிலீஃப்னு 2,500 வெள்ளி வரைக்கும் கழிக்கலாம், புக்கும் அதுலதான் வருது, ஆனா போன், லேப்டாப், இன்டர்நெட் பில்லும் அதே 2,500க்குள்ளதான் அடங்கணும், அந்த வருசம் புது போன் வாங்கியிருந்தீங்கன்னா புக்குக்கு இடம் மிச்சம் இருக்காதுன்னு கணக்கு பாத்துக்கோங்க.